தவணைச் சீட்டைப் படிப்பது எப்படி?

கடைக்கு வெங்காய மூட்டை வந்து இறங்கினால் நிறுத்துப் பார்க்காமல் நம்மவர் எவரும் பில்லில் கையெழுத்துப் போடமாட்டார். அதே மனிதர், பேங்கில் லட்சம் வெள்ளி கடன் வாங்கும்போது, "மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?" என்ற ஒரு கேள்வியோடு பேனாவை எடுத்துவிடுகிறார். கூடவே தரப்படும் தவணை அட்டவணையை நாலாய் மடித்து மேசை அறைக்குள் போட்டால், கடனை முன்கூட்டியே முடிக்க நினைக்கும் நாளில்தான் அது வெளியே வருகிறது. அன்றைக்குத்தான் சச்சரவு.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்பது மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும். தவணை குறித்த கடனை எழுதிவைப்பது பற்றிய வசனம் அது. எழுதிவைக்கச் சொன்னது படித்துப் பார்ப்பதற்காகவும்தானே! வட்டி ஹராம் என்பதில் நமக்குள் இருவேறு கருத்தில்லை. ஆயினும் வட்டிக் கடன் உள்ளவர் நம்மில் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எனவே இருவகைக் கடனின் கணக்கையும் பார்ப்போம். நான் படித்தது மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். இந்தக் கணக்குக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தலே போதும்.

முதலில் நம் பெரியவர்கள் ஊரில் கண்ட தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கடன் என்று பெயர். ஆயிரத்தை முன்னதாகப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். பார்வைக்கு நூற்றுக்குப் பத்து. ஆனால் அந்த 9,000 நூறு நாளும் நம் கையில் இருக்கவில்லை; தினம் கொஞ்சம் திரும்பிப் போகிறது. சராசரியாக நம்மிடம் இருந்தது சுமார் 4,500தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 80க்கு மேல் வருகிறது. இந்நாட்டில் 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம், ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. சந்தையில் தினத் தவணைக்குப் பணம் தருகிறவரிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

தண்டலில் மறைந்திருக்கும் அதே சூட்சுமம், நம்மில் பலர் வேன் வாங்கும் கடனிலும் உண்டு. சேவா பெலி எனும் வாடகைக் கொள்முதலைச் சொல்கிறேன். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வந்த ஒப்பந்தங்களில், முழு முதலுக்கும் முழுக் காலத்துக்கும் வட்டியை முதல் நாளிலேயே கட்டிவிடுவார்கள். இதற்கு நிலை வட்டி என்று பெயர். வேன் கடன் 60,000 வெள்ளி, 9 ஆண்டு, நூற்றுக்கு 3½ என்று வைப்போம். ஆண்டுக்கு 2,100 வீதம் வட்டி 18,900. மொத்தம் 78,900. அதை 108 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 730 வெள்ளி 56 காசு. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைவதாகக் கணக்கிட்டால், இதே கடன் ஆண்டுக்கு நூற்றுக்கு 6.3க்குச் சமம். ஆகவே ஒருவர் 3½ என்றும் இன்னொருவர் 5 என்றும் சொன்னால், முன்னது மலிவென்று முடிவு செய்துவிடக்கூடாது. முன்னது நிலை வட்டியாகவும் பின்னது குறையும் பாக்கி வட்டியாகவும் இருந்தால், பின்னதே மலிவு.

இனி அந்த 18,900 எந்த மாதத்தில் எவ்வளவு கழிகிறது என்று பார்ப்போம். இதற்கு "எழுபத்தெட்டு விதி" என்றொரு முறை உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஓராண்டுக் கடனில் முதல் மாதத்துக்கு 12 பங்கு வட்டி, இரண்டாம் மாதத்துக்கு 11, இப்படியே இறங்கிக் கடைசி மாதத்துக்கு 1 பங்கு. 12 முதல் 1 வரை கூட்டினால் 78. பெயர் வந்தது இப்படித்தான். 12,000 வெள்ளிக் கடனுக்கு ஓராண்டு வட்டி 780 என்றால் ஒரு பங்கு 10 வெள்ளி. முதல் மாதம் 120, அடுத்த மாதம் 110, கடைசி மாதம் 10. ஆறாம் மாதம் கணக்கை முடித்தால், பாதிக் காலம் போயிற்று, வட்டியில் பாதி 390 மிச்சம் என்று நினைப்போம். கழிவு கிடைப்பதோ 210தான். 570 ஏற்கனவே போய்விட்டது.

இதில் பேங்க் முழுக்க அநியாயம் செய்கிறது என்று சொல்லிவிடுவதும் சரியாகாது. முதல் மாதத்தில் 12,000மும் நம் கையில் இருந்தது. கடைசி மாதத்தில் இருந்தது ஒரு தவணையளவு பணமே. ஆதலால் முன்மாதங்களில் வட்டி கூடுதலாகத்தான் வரும். ஓராண்டுக் கடனில் எழுபத்தெட்டு விதிக்கும் குறையும் பாக்கிக் கணக்குக்கும் ஆறாம் மாத வித்தியாசம் நாலு வெள்ளிதான். காலம் நீள நீளத்தான் இவ்விதி கடனாளியைக் கடிக்கிறது.

நமது வேனுக்கு வருவோம். 108 முதல் 1 வரை கூட்டினால் 5,886 பங்கு. முதல் தவணையான 730.56ல் வட்டி மட்டும் 346.79, கடைசித் தவணையில் 3.21. மூன்று ஆண்டு, அதாவது 36 தவணை ஒழுங்காகக் கட்டியாயிற்று. செலுத்தியது 26,300 வெள்ளி. இப்போது வேனை விற்றுக் கடனை முடிக்கலாமென்று போகிறோம். மூன்றில் ஒரு பங்கு காலம் தீர்ந்ததால் முதலில் 40,000 பாக்கி இருக்கும் என்பது நமது மனக்கணக்கு. பேங்க் கேட்பதோ 44,161. குறையும் பாக்கி முறையில் என்றாலும் 43,654 ஆகியிருக்கும். ஆகவே நாலாயிரம் சொச்ச வித்தியாசத்தில் விதியினால் வந்தது சுமார் 500 வெள்ளி. மற்றதெல்லாம் நாம் அட்டவணையைப் பார்க்காததால் வந்த திகைப்பு. வேனைப் பழைய வண்டித் தரகரிடம் 42,000க்குப் பேசி முடித்துவிட்டுப் பிறகு பேங்குக்குப் போகிறவர் நிலைமையைச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 61 மாதங்களுக்கு மேற்பட்ட கடன்களில் எழுபத்தெட்டு விதியைத் தடுத்துவிட்டது. நீண்ட கடனில்தான் கெடுதல் என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

வேன் விஷயத்தில் இன்னும் இரண்டு செய்தி. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வண்டியை எடுக்க நோட்டீஸ் வரலாம். ஆனால் ரொக்க விலையில் நூற்றுக்கு 75க்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவின்றி எடுக்கமுடியாது. ஆகவே அட்டவணையில் அந்த மாதம் எது என்று ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. அடுத்தது, சரக்கு வண்டிகளில் சுமையோடு 2,540 கிலோவுக்கு மேற்படாதவையே அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. பெரிய லாரி வாங்குவோர் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே அவர்களுக்குச் சட்டம்.

கடை வாங்கும் கடன் வேறு வகை. அதில் அந்தந்த மாதப் பாக்கிக்குத்தான் வட்டி. 300,000 வெள்ளி, 25 ஆண்டு, நூற்றுக்கு 4½ என்றால் மாதம் 1,667 வெள்ளி 50 காசு. முதல் மாதத் தவணையில் 1,125 வட்டிக்குப் போக, முதலில் கழிவது 542.50தான். முதலில் சரிபாதி, 150,000, தீர்வதற்கே ஏறக்குறைய 16 ஆண்டு ஆகிவிடும். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நோய்த்தொற்றுக் காலத்தில் ஆறு மாதம் தவணை நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். இவ்வகைக் கடன்களில் தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மேற்சொன்ன கடனின் தொடக்கத்திலேயே அப்படி ஆறு மாதம் நின்றிருந்தால், 6,750 வெள்ளி சேர்ந்திருக்கும்.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பும். மாதம் 200 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் 25 ஆண்டுக் கடன் இருபதரை ஆண்டில் முடிந்துவிடும். சுமார் 40,000 வெள்ளி மிச்சம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கூடுதல் பணத்தைச் சில பேங்குகள் அடுத்த மாதத் தவணையாக எடுத்து வைத்துக்கொள்ளும். முதலில் கழிக்கும்படி எழுத்தில் கேட்கவேண்டும். பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் மாறும்போது அட்டவணையும் மாறும். அந்த விகிதம் 2020 ஜூலையில் 1.75க்கு இறங்கியது, 2023 மே மாதம் 3க்கு ஏறியது, 2025 ஜூலையில் 2.75 ஆயிற்று. ஆகவே கடன் வாங்கிய அன்று கொடுத்த பழைய அட்டவணையை இன்றைக்கு நம்பக்கூடாது. ஆண்டுக்கொருமுறை புதிதாகக் கேட்டு வாங்கவேண்டும்.

கடைசியாக, வட்டியில்லா முறையில் வாங்கியவர்கள். பேங்க் இஸ்லாம் 1983இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்நாட்டில் இம்முறை நடந்துவருகிறது. பேங்க் சொத்தை வாங்கி, லாபம் சேர்த்து, தவணை விலைக்கு நமக்கு விற்கிறது. இங்கே நாம் பட்டிருப்பது விற்பனை விலை முழுவதற்குமான கடன். சரி, பாதியில் முடித்தால் எவ்வளவு கொடுக்கவேண்டும்? இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போயிற்று. 2006இல் தீர்ப்பான அஃபின் பேங்க் வழக்கில், வாடிக்கையாளருக்குத் தரப்பட்டது சுமார் 394,000 வெள்ளி. 25 ஆண்டுத் தவணை விற்பனை விலை சுமார் 992,000. அவர் கட்டியது 33,000 சொச்சம்; பேங்க் கேட்டது ஏறத்தாழ 959,000. இன்னும் வராத ஆண்டுகளுக்கு லாபம் கேட்கமுடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறு வழக்குகளில், இவ்வகை விற்பனை ஒப்பந்தம் செல்லத்தக்கதே என்று கூறிவிட்டது.

சிக்கலைத் தீர்த்தது இப்ரா. கடன் கொடுத்தவர் தமக்குரியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது அது. முன்பு பேங்கின் விருப்பமாக இருந்ததை, முன்கூட்டி முடிப்பவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதும்படி பேங்க் நெகாரா 2011இல் விதித்தது. அதற்கு முந்திய ஒப்பந்தம் கையிலிருப்போர் அதில் இப்ரா ஷரத்து இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால், கணக்கை முடிக்க வேண்டிய தொகையையும் இப்ராவாகக் கழிக்கும் தொகையையும் தனித்தனியே காட்டி எழுத்தில் தரும்படி பேங்கைக் கேட்கலாம். அந்தக் கடிதம் கையில் வரும்வரை, கடையையோ வேனையோ யாருக்கும் விலை பேசாதிருப்பது நலம்.