நான்கு ஆஃபர்

கேள்வி: ஸ்கார்பரோவில் நாங்கள் விலை எழுதிக் கொடுத்த வீட்டுக்கு இன்னும் நான்கு ஆஃபர் வந்திருப்பதாக விற்பவரின் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நான்கு என்ற எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2015 ஜூலை முதலே, கையொப்பத்துடன் எழுத்தில் வராத ஓர் ஆஃபரை வந்திருப்பதாகச் சொல்வது தடைசெய்யப்பட்டிருப்பதாலும், நிராகரிக்கப்பட்டவற்றின் நகலையோ சுருக்கத்தையோ தரகு நிறுவனம் ஓராண்டேனும் பத்திரப்படுத்த வேண்டியிருப்பதாலும், எழுத்தில் விலை கொடுத்த எவரும் சந்தேகம் பிறந்தால் 'ரெக்கோ' என்னும் ஒழுங்குமுறை ஸ்தாபனத்திடம் முறையிட்டு உண்மையான எண்ணிக்கையைப் பரிசோதிக்கச் செய்யலாம்.

தொகை விஷயமோ வேறு. 2023 டிசம்பர் 1 முதல் அமலிலுள்ள சட்டப்படி, போட்டியாளர் எழுதிய விலையை வெளியிடுவதும் மறைப்பதும் விற்பவரின் இஷ்டம். ஆகையால், "கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள், வீடு உங்களுக்குத்தான்" என்று அந்த ஏஜென்ட் பரிவோடு உபதேசிக்கும்போது (அந்தக் 'கொஞ்சம்' ஐம்பதாயிரம் டாலராகவும் இருக்கக்கூடும்!), அவர் விற்பவரின் பிரதிநிதி என்பதை மறவாதீர்கள். உங்களுக்கும் சேர்த்தே உழைப்பதாகச் சொல்லிச் சம்மதப் பத்திரத்தை நீட்டினால், நன்றாக யோசித்துக் கையெழுத்திடுங்கள். போட்டிக்குப் பயந்து, கட்டடத்தைப் பரிசோதித்த பின்பே வாங்குவோம் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.