பிரதமைத் திதியும் சித்தாந்தத் துணிபும்

சேலம், நாமக்கல் நிலப்பரப்பில் வாழ்வாருள் நற்செயல் தொடங்குவார் பலர், அட்டமி நவமிகளை விலக்குமாறு போலவே பிரதமையையும் விலக்கக் காண்கின்றோம். மரபு வழுவாது நூலோதுவார் அந்நாளிற் புதுப்பாடம் கேட்பதுமில்லை. இவ்விலக்கு எதுபற்றி எழுந்தது, சிவபூசைக்கும் திருமுறை ஓதுதற்கும் அது தடையாமோ, இடருற்றார்க்கு உதவுதலையும் அதன்பொருட்டுத் தாழ்க்கலாமோ என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

திதியின் இலக்கணம்: சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதியாம். 360 பாகைக்குத் திதிகள் 30. இருவரும் ஒன்றிய அமாவாசை முடிவினின்று முதற் பன்னிரண்டு பாகை வளர்பிறைப் பிரதமை. 180 பாகையினின்று 192 பாகைவரை தேய்பிறைப் பிரதமை. ஒரு திதியின் சராசரி அளவு ஏறத்தாழ 59 நாழிகை. சந்திரகதி ஒருபடித்தன்மையின், அது ஏறத்தாழ 20 மணி முதல் 27 மணி வரை வேறுபடும். ஆகவே பிரதமை நண்பகலிலே தொடங்கி மறுநாள் முடிதலும் உண்டு. உதயந்தொட்டு உதயம்வரை உள்ள நாளின் வேறாகிய அளவு இஃதென்பது இதனாற் பெறப்படும்.

ஓதாமை மரபு: பிரதமையை வேதம் ஓதாநாளாகக் கொள்ளுதல் பழைய வழக்கு. வான்மீகியாரின் சுந்தரகாண்டத்தில், சீதையின் மெலிவை வானரர்க்குக் கூறும் அனுமன், பிரதமையிலும் ஓதும் வழக்கமுடையான் கல்வி தேய்தலை அதற்கு உவமையாக்குகின்றான். நாமக்கல்லில் நரசிங்கரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரை வழிபடுவார் இதனை அறிந்திருத்தல் நன்று. அமாவாசை, பௌர்ணமிகளை அடுத்த பிரதமையே வைதிகர் இஷ்டி என்னும் வேள்வி இயற்றும் காலமாகலின், வேள்வியில் அமர்ந்த ஆசிரியர்க்குப் பாடஞ் சொல்லுதல் ஒழிந்திருத்தல் இயல்பேயாம். இவ்விலக்குப் பாடத்திற்கு ஓய்வு விதித்ததேயன்றி, நாளினை இழித்ததன்று என்க.

அற்றேல், அந்நாள் தீயதென்னும் வழக்கு என்னையெனின், சோதிட நூலாரே பிரதமையைச் சட்டி, ஏகாதசிகளோடு சேர்த்து, மகிழ்வெனப் பொருள்படும் நந்தை என்று வகுத்தனர். சேலம் நாட்டில் நம்மோடு கலந்து வாழும் தெலுங்கரும் கன்னடரும் சைத்திர வளர்பிறைப் பிரதமையையே யுகாதியென ஆண்டுப்பிறப்பாகக் கொண்டாடுகின்றனர். நவராத்திரி தொடங்குவதும், கந்தசட்டி நோன்பின் முதல்நாளாவதும் வளர்பிறைப் பிரதமையே. ஒருவர்க்குத் தொடக்கமாவது மற்றொருவர்க்கு விலக்காதலின், தீமை திதியின் இயல்பன்மை தெளியப்படும்.

இனிச் சித்தாந்தம் கூறுமாறு: காலம் வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று, மாயையிற் றோன்றியது, சடம். சடம் தானே அறிந்து பயன் கொடாது. உயிர்கள் செய்த வினையின் பயனைக் கூட்டுவான் இறைவன். காலம் அவன் கொள்ளும் கருவி. அங்ஙனமாயின் ஆகமங்கள் விழாவிற்கும் நோன்பிற்கும் திதி வகுத்தது எற்றுக்கெனின், அலையும் மனத்தை ஒருநெறிப்படுத்தற்கும், பலர் ஒருங்கு கூடி வழிபடுதற்கும் என்க. கருவியைக் கருத்தாவாகக் கொண்டு அஞ்சுதலே பிழையாம்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உளது. 1997-இற் சேலத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு, தேவாரத்திற் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படும். திருஞானசம்பந்தப் பெருமான் ஆங்கு எழுந்தருளியிருந்த காலத்து அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. இது வினையின் விளைவென்று கூறி வாளா இருந்தாரல்லர். நல்ல நாள் வருகவெனக் காத்திருந்தாருமல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளினார், நோய் நீங்கிற்று. திருமறைக்காட்டில், கோள்நிலை தீதென்று அப்பரடிகள் தடுத்தபொழுது கோளறு பதிகம் அருளி மதுரைக்குப் புறப்பட்டதும் இக்கருத்தே பற்றி என்க.

வளர்பிறைப் பிரதமையில் மற்றொன்றும் உணரற்பாலது. அன்று சந்திரன் சூரியனைவிட்டு விலகி ஒளி பெறத் தொடங்கியும், பெரும்பாலும் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. நாம் காண்பது மூன்றாம் பிறையே. உயிரினிடத்துத் திருவருள் திரோதானமாய் மறைந்துநின்று மலபரிபாகம் வருவித்தலும் இவ்வாறே. காணாமை பற்றி இல்லையென்றல் கூடாது.

ஆகலின், வேதம் ஓதுவார் தம் மரபின்படி பிரதமையிற் பாடம் ஒழிக, அதனை இகழவேண்டா. சிவபூசையும் ஐந்தெழுத்தும் திருமுறைப் பாராயணமும் ஒருநாளும் ஒழிதற்குரியனவல்ல. நோயாளியை மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல், பசித்தார்க்கு உணவிடல், துயருற்றார்க்குத் துணையாதல் என்னுமிவற்றைத் திதி நோக்கித் தாழ்த்தல் அருளுடைமைக்கு மாறாம். மடங்களிற் பயில்வோரும் பயிற்றுவோரும் இவ்வேறுபாட்டினை மக்கட்கு எடுத்துரைத்தல் கடனாம்.

திருச்சிற்றம்பலம்