எட்டு மாதமாகியும் மனம் ஏற்கவில்லையே

கேள்வி: என் கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதல் கூடப்பிறந்த அண்ணன் வரை, "பிறந்தவங்க எல்லாரும் ஒருநாள் போறவங்கதான், மனசைத் தேத்திக்கோ" என்கிறார்கள். அது உண்மை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாசலில் கிடக்கும் அவர் செருப்பை எடுத்து வைக்கக்கூடக் கை வரவில்லை. என்னிடம்தான் குறையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: குறை ஏதும் இல்லை அம்மா. உங்கள் அண்ணன் சொல்வது உலகத்துக்கெல்லாம் பொதுவான உண்மை; நீங்கள் பறிகொடுத்ததோ ஒரே ஒருவரை.

பௌத்தக் கதையில் வரும் கிசாகோதமியை நினைத்துப் பாருங்கள். இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளுக்குப் புத்தர் உபதேசம் செய்யவில்லை. சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கிவரச் சொன்னார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு விழாத வீடுதான் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் இழப்பையும் காதால் கேட்ட பிறகுதான் அவளால் பிள்ளையைக் கீழே இறக்க முடிந்தது.

மணிமேகலையிலும் ஒரு கோதமை உண்டு. என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் தா என்று அவள் சம்பாபதியிடம் மன்றாடுகிறாள். தெய்வமே முடியாது என்று சொல்லியும் அவள் மனம் ஆறவில்லை; மற்றத் தேவர்களையும் வரவழைத்துச் சொல்ல வைக்க வேண்டியிருந்தது. அப்படியிருக்க, உறவினர் சொன்னதும் உங்கள் மனம் ஏற்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

துக்கத்துக்கு ஐந்து படிகள், ஏற்பது கடைசிப் படி என்றும் சிலர் சொல்வார்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய நூலில் அந்தப் படிகள் வருகின்றன. ஆனால் அவர் பேசிப் பார்த்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். துணையை இழந்தவர் எத்தனை மாதத்தில் தேற வேண்டும் என்று அதில் கணக்கு இல்லை.

உங்கள் தெருவிலேயே கணவரை இழந்த இன்னொரு பெண் இருப்பார். ஒரு சாயங்காலம் அவரிடம் போய் உட்காருங்கள். அவர் கதையைக் கேளுங்கள், உங்களவரைப் பற்றியும் சொல்லுங்கள். சாப்பாடும் தூக்கமும் அடியோடு விட்டுப்போனால், அல்லது நானும் போய்விடலாமே என்ற எண்ணம் வந்தால், ஒருநாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இலவச ஆலோசனை, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

செருப்பு அங்கேயே இருக்கட்டும். எடுத்து வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் எடுத்தால் போதும்.