திருநீற்றுப்பச்சை: இலைக்கு ஒரு பாத்தி, விதைக்கு ஒரு பாத்தி

மாத்தளை மாவட்டத்தில் முற்றத்துத் துளசிக்குக் கிடைக்கும் கவனிப்பு, அதன் இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சைக்குக் கிடைப்பதில்லை. பாலூடாவிலும் சர்பத்திலும் நாம் இடும் கசகசா இச்செடியின் விதையேயாகும். (இந்தியச் சமையல் நூல்கள் கசகசா என்று கூறுவது அபினிச் செடியின் விதையை, இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.) பேசில் என்ற பெயரால் ஹோட்டல்களில் பயன்படுவதும் இதன் இலைதான்.

இலை, விதை இரண்டையும் ஒரே செடியிலிருந்து நிறைவாகப் பெறுதல் இயலாது. பூங்கதிர் தோன்றியதும் செடியின் வலு முழுவதும் அதன்பாற் செல்கின்றது; புதிய இலைகள் சிறுத்து, கைப்பேறுகின்றன. இலைக்காகக் கதிரைக் கிள்ளிக்கொண்டிருந்தாலோ விதை கிடைக்காது. ஆகையால் பத்துச் செடிகள் மட்டுமே வைப்பவரும் அவற்றை இரண்டு பாத்திகளாகப் பிரித்து நடுதல் நலம்.

முதலில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் பலாவும் அடர்ந்த நம் தோட்டங்களில் வெயில் விழும் இடம் குறைவு. இச்செடிக்கோ நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். நிழலில் வைத்தால் நெடிதாய் வளர்ந்து சாயும், மணமும் குன்றும். கிணற்றடியிலோ வாசலோரத்திலோ வெயில்படும் நிலம் இருப்பின் அதுவே தக்கது. நீர் தேங்காதவாறு பாத்தியை அரை அடி உயர்த்தி, நன்கு மக்கிய கூட்டெருவை மண்ணுடன் கலந்து விடுங்கள். பசளையை மிகுதியாக இட்டால் இலை பெருக்குமேயன்றி மணம் பெருகாது.

விதை மிகச் சிறியது. நாற்றுமேடையில் தூவி, கால் அங்குலத்துக்கு மேற்படாமல் மென்மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். ஐந்து முதல் பத்து நாட்களில் முளைக்கும். நான்கு முதல் ஆறு இலைகள் கொண்ட நாற்றுகளை மாலை வேளையில் பிடுங்கி, ஓரடி இடைவெளியில் நடுக. நத்தை மிகுந்த தோட்டங்களில் இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி அழித்தல் அவசியம். ஓரிரவில் ஒரு வரிசை நாற்று போய்விடும்.

இலைப் பாத்தியில், செடி அரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். வெட்டு எப்போதும் ஓர் இலைச் சோடிக்குச் சற்று மேலே அமைதல் வேண்டும். அவ்விலைக் கக்கங்களிலிருந்து இரண்டு கிளைகள் புறப்படும். இலையை ஒவ்வொன்றாக உருவுவோர் தண்டை மொட்டையாக்கி விடுகின்றனர், இது தவறு. பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன், கிளைநுனியாக வெட்டுக. ஒருமுறையில் செடியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுத்தல் ஆகாது. அரும்பு கண்டால் அன்றே கிள்ளிவிடுக. வெட்டிய கிளைகளை நீருள்ள குவளையில் நிறுத்தி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இலை கறுத்துவிடும்.

விதைப் பாத்திக்குக் காலமே முக்கியம். ஈரம் பட்டவுடன் விதையின் மேற்றோல் ஊறி, வழுவழுப்பான உறையாக மாறும்; கசகசா பானத்திற் பருப்பதும் இதனாலேயே. முற்றிய கதிரின்மேல் பலத்த மழை பெய்தால் அக்கதிரிலேயே விதை ஊறிக் கெட்டுவிடும். மூன்று மாத உழைப்பு இரண்டு நாள் மழையில் இழக்கப்படலாம். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றும்படி விதைப் பயிரை வைக்கற்க. சித்திரை மழையில் நாற்றிட்டு வைகாசியில் நட்டால், ஆடியிலும் ஆவணியிலும் கதிர் முற்றும். தம்புள்ளை, கலேவெல ஆகிய பகுதிகளுக்கு இது மிகப் பொருத்தம்; அங்குக் காற்றுக்குச் சிறு முட்டுக் கொடுத்தல் வேண்டும். ரத்தோட்டைப் பக்கத்து உயர்நிலங்களில் மழை கூடுதலாகையால், அங்குள்ளோர் இலைப் பாத்தியையே பெரிதாக வைத்துக்கொள்வது எமக்கு நல்லதாகத் தோன்றுகின்றது.

பூத்திருக்கும்போது பூச்சிநாசினி தெளித்தல் கூடாது. தேனீக்கள் அப்பூக்களை மிகுதியாக நாடும்.

கதிர் முழுவதும் காயும்வரை காத்திருந்தால் அடிப்பகுதி விதை உதிர்ந்துவிடும். அடிப்பகுதி பழுப்பாகி, நுனி சிறிது பச்சையாக இருக்கையில் வெட்டி, கூரையின்கீழ்த் துணியில் பரப்புங்கள். நன்கு காய்ந்தபின் உள்ளங்கையால் தேய்த்து, சுளகில் மெல்லப் புடைத்தெடுக்கலாம். ஒவ்வொரு பூவிலும் நான்கு விதைகள் வரை இருக்கும். கழுவுதல் கூடவே கூடாது.

குடிக்கப் பயன்படுத்துமுன் கால் மணி நேரம் நிறைந்த நீரில் ஊறவைத்தல் வேண்டும். உலர்ந்த விதையை விழுங்கினால் தொண்டையிற் பருத்து அடைக்கக்கூடும். சிறுவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். அடுத்த சித்திரைக்கு வேண்டிய விதையைத் தனிப் போத்தலில் இட்டு, இறுக மூடி, அறுத்த மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டுக.