பத்து விதையும் நானூறு விதையும்

நம் நாட்டின் விதைச் சான்றளிப்பு விதிகளின்படி நெல் விதையின் முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறைதலாகாது. மூட்டை முழுவதையும் முளைக்க வைத்துப் பார்த்தால் விதைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே, சில விதைகளைக் கொண்டே மூட்டையை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

ஒரு மூட்டையின் உண்மையான முளைப்புத் திறன் 60 சதவீதமே எனக் கொள்வோம். அதில் 10 விதைகளைச் சோதித்தால், எட்டோ அதற்கு மேலோ முளைப்பதற்குரிய நிகழ்தகவு யாது? பத்தில் எட்டைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 45. அதனை 0.6-ஆல் எட்டு முறையும் 0.4-ஆல் இரு முறையும் பெருக்கினால் 0.121 கிடைக்கும். இவ்வாறே ஒன்பதுக்கு 0.040, பத்துக்கு 0.006. கூடுதல் 0.167. அதாவது, ஆறு சோதனைகளில் ஒன்றில் இந்தத் தாழ்ந்த விதை தேறிவிடும், நட்டம் உழவருடையது.

சோதனைச் சாலைகளில் நூறு நூறாக 400 விதைகளை முளைக்க வைப்பது இது கருதியே. முளைக்கும் விகிதத்தையும் முளையாத விகிதத்தையும் பெருக்கி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் திட்டப்பிழை பெறப்படும். 80 சதவீத விதையில், 100 விதைகளுக்கு அது 4 சதவீதம், 400-க்கு 2. பிழை பாதியாக வேண்டுமெனில் மாதிரி நான்கு மடங்காதல் வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. மூட்டையின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து எடுத்துக் கலந்த விதையாகவும் இருத்தல் வேண்டும். பருத்த மணிகளையே பொறுக்கினால் எக்கணக்கும் உதவாது.

பயிற்சி: 80 சதவீத விதையில் பத்தும் முளைப்பதற்குரிய நிகழ்தகவு யாது? 25 விதைகளுக்குத் திட்டப்பிழை எவ்வளவு?

விடை: 0.107, 8 சதவீதம்.