குளிர்நாட்டுக் குடிலில் மீனும் கீரையும்

மீன் வாழும் தொட்டி நீரையே உரநீராகக் கொண்டு கீரையும் காயும் விளைவிக்கும் முறைக்கு 'அக்குவாபோனிக்ஸ்' என்று பெயர். தமிழில் இதனை மீன்–பயிர்க் கூட்டுவளர்ப்பு எனலாம். பனி பெய்யும் நாடுகளில் இத்தொழிலைக் குளிர்காலத்தில் எவ்வாறு காக்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

புக்கிட் பாத்தோக்கில் வாழும் நமக்குக் குளிர்காலமே இல்லையே, இதனை நாம் ஏன் கற்க வேண்டும் என்று மாணவர்கள் வினவலாம். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி செல்சியசு. அது 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் பதிவாயிற்று. எனினும், நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது. உணவு எவ்வாறு விளைகின்றது என்பதை அறிவது நமக்குக் கடமையாகும். மேலும், பிறர்க்குக் குளிர் தரும் இடர் எது என்று அறிந்தால், நமக்கு வெப்பம் தரும் இடரும் விளங்கும்.

மூவர் கூட்டு

இம்முறையில் மூவர் உழைக்கின்றனர். முதலாமவர் மீன். மீன் தின்ற தீனியின் கழிவு, நீரில் அம்மோனியாவாகச் சேர்கின்றது. அது மிகுந்தால் மீனுக்கே நஞ்சாகும். இரண்டாமவர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். மூன்றாமவர் பயிர். நைட்ரேட்டைப் பயிர் உணவாக உறிஞ்சிக்கொள்ள, தூய்மையுற்ற நீர் மீண்டும் தொட்டிக்குத் திரும்புகின்றது.

ஒன்றன் கழிவு மற்றொன்றின் உணவாதல் நம் தீவுக்குப் புதிதன்று. முற்காலத்தில் இங்கிருந்த பண்ணைகளில் பன்றிக் கொட்டகையின் கழிவு மீன்குளத்திற்கு உரமாயிற்று. நீரில் வளர்ந்த ஆகாயத்தாமரை பன்றிக்குத் தீனியாயிற்று.

குளிர் செய்யும் கேடு

மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. தமிழ்நாட்டில் ஜிலேபி என வழங்கும் திலாப்பியா மீன், 27 முதல் 30 டிகிரி வரையுள்ள நீரில் நன்கு வளரும். நீர் ஏறத்தாழ 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தின்பதை நிறுத்தும். 10 டிகிரியை நெருங்கினால் மடியும். நுண்ணுயிர்களும் 25 முதல் 30 டிகிரி வரை சுறுசுறுப்பாக உழைத்து, 10 டிகிரிக்குக் கீழே மிகவும் தளர்ந்துவிடும். பயிருக்கோ குளிரோடு வெளிச்சக் குறைவும் சேர்கின்றது.

இவற்றுள் பெருந்தீங்கு எது? மூன்றும் ஒரே அளவில் தளராமையே ஆகும். மீனுக்குப் பசியில்லை, வளர்ப்பவரோ வழக்கம்போல் தீனியிடுகின்றார். தின்னாத தீனி அழுகி அம்மோனியா பெருகுகின்றது. அதனை மாற்ற வேண்டிய நுண்ணுயிர்களோ தளர்ந்து கிடக்கின்றன. ஆதலின் குளிரால் மடியாத மீன், அன்பு மிகுதியால் இட்ட தீனியால் மடியக் கூடும்!

நீர் என்னும் கருவூலம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேப் காட் என்னும் பகுதியில் குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். திசம்பர் இறுதியில் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமே. 1969இல் தோன்றிய 'நியூ ஆல்கெமி' என்னும் ஆய்வுக் கழகம், அங்கு 1976இல் 'ஆர்க்' என்னும் பசுமைக்குடிலை அமைத்தது. அதனுள் ஒளி ஊடுருவும் உருளைத் தொட்டிகளை நிறுத்தி, அவற்றில் மீன் வளர்த்தனர். பகலில் கதிரவன் வெப்பத்தை அந்நீர் வாங்கிக்கொண்டது. இரவில் அதனைக் குடிலுக்குத் திருப்பித் தந்தது. மீன்நீர் பயிருக்கும் பாய்ந்தது. அக்கழகம் 1991இல் மூடப்பட்டது; அதன் படிப்பினை இன்றும் பயன்படுகின்றது.

இதன் காரணம் எளிது. ஒரு லிட்டர் நீர் தேக்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று தேக்குவதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. 1,000 லிட்டர் நீர் ஒரு டிகிரி தணியும்போது வெளிவிடும் வெப்பம் 1.16 யூனிட் மின்சாரத்திற்கு ஈடாகும். இரவில் 5 டிகிரி தணிந்தால், ஆயிரம் வாட் சூடேற்றி ஏறத்தாழ 6 மணி நேரம் எரிந்ததற்குச் சமம்.

காக்கும் முறைகள்

1. தொட்டியின் பக்கங்களையும் மேற்புறத்தையும் வெப்பம் வெளியேறாதவாறு போர்த்துதல்.
2. குடிலின் கூரைக்கு இரண்டு அடுக்குத் தாள் இட்டு, இடையே காற்றை நிறுத்துதல்.
3. நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகுமாதலின், புதுத் தொட்டியைக் கோடையிலேயே தொடங்குதல்.
4. குளிர் தாங்கும் உயிர்களையே தேர்தல். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வளரும் டிரவுட் மீன் இதற்கு ஏற்றது. பயிர்களில் கோசு இனங்கள் தாங்கும். தக்காளியும் வெள்ளரியும் தாங்கா.
5. நாள்தோறும் நீரின் வெப்பத்தை அளந்த பின்னரே தீனியிடுதல். இதுவே தலையாயது.

நம் நிலை யாது?

நமக்குக் குளிர் பகையன்று, வெப்பமே பகை. உயிர்வளி நிறைந்த நன்னீர் ஒரு லிட்டரில், 10 டிகிரியில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் உயிர்வளி இருக்கும். 30 டிகிரியிலோ 7.5 மில்லிகிராமே இருக்கும். வெப்பத்தில் மீனும் நுண்ணுயிரும் மிகுதியாக மூச்சு வாங்கும். ஆகவே மின்தடையால் காற்றுக்குழாய் நின்றால், குளிர்நாட்டு மீனைவிட நம் மீன் விரைவில் திணறும். தொட்டிக்கு நிழலும், மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றும் இங்குத் தேவை.

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் வழியே, நம் குடியிருப்புப் பேட்டைகள் பலவற்றில் தோட்டங்கள் எழுந்துள்ளன. அத்தகைய இடத்தில் ஒரு மீன்தொட்டி அமைந்தால், அதனைக் காலையும் மாலையும் பார்க்கும் கண்கள் வேண்டும். பெற்றோரும் பேட்டைத் தொழிலாளரும் மாணவரும் முறை வகுத்துக்கொண்டால் அது கடினமன்று. மூவரில் ஒருவர் தளர்ந்தால் மற்ற இருவர் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே தொட்டி கற்பிக்கும் பாடம். உயிரை வளர்ப்போர் தம் விருப்பத்தை அளவாகக் கொள்ளாமல், அவ்வுயிரின் தேவையை அளவாகக் கொள்வாராக!

செய்து பார்க்க: ஒரே அளவுள்ள இரண்டு புட்டிகளுள் ஒன்றில் நீர் நிரப்புக, மற்றொன்றை வெறுமையாக மூடுக. இரண்டையும் நண்பகல் வரை வெயிலில் வைத்து, பின் நிழலுக்கு மாற்றுக. கால் மணிக்கு ஒருமுறை உள்வெப்பத்தை அளந்து எழுதுக. எது மெல்லத் தணிகின்றது?

வினாக்கள்

1. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வரிசையைக் கூறுக.
2. குளிர்நாளில் தீனியை ஏன் குறைக்க வேண்டும்?
3. 500 லிட்டர் நீர் 4 டிகிரி தணிந்தால் வெளிவிடும் வெப்பம் எத்தனை யூனிட்?
4. காற்றுக்குழாய் நின்றால் நம் நாட்டு மீன் விரைவில் திணறுவது ஏன்?