கியர் போட்டால் மலை குறையுமா?

மாணவர்களே, பண்டார் தெங்காராவில் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு ஏற்றம் புதிதல்ல. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை ஏறுவதும் இறங்குவதுமாகப் போகிறது. மேட்டின் பாதியில் கால் கனக்கும். கியரை மாற்றியதும் மிதிப்பது இலேசாகிவிடும். அப்படியானால் கியர் நம் வேலையைக் குறைத்துவிட்டதா?

இந்தக் கேள்வியை ஒரு பெரிய மலைக்குக் கொண்டுபோவோம். பேராக்கின் கிரிக் நகரையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அது தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கும்போது 1,000 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. இருபுறமும் அடர்ந்த காடு. யானைகள் சாலையைக் கடக்கும். அங்கே தனியாக மிதிவண்டியில் போகிறவர் வழியில் தண்ணீர் தீர்ந்தால் யாரிடம் கேட்பார்? அதனால்தான் புறப்படும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

ஏற்றத்தின் கணக்கு

உங்கள் எடை 55 கிலோ, மிதிவண்டி 15 கிலோ, மூட்டை 10 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 80 கிலோ. இதை 1,000 மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை:

80 × 10 × 1,000 = 8,00,000 ஜூல், அதாவது 800 கிலோஜூல்.

காற்றும் சாலை உராய்வும் கேட்கும் பங்கு தனி. இனி, 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் ஏறுவோம். உச்சிக்கு 12.5 கிலோமீட்டர் தூரம்.

கியர் இல்லாத மிதிவண்டி ஒன்றில் முன் சக்கரப் பற்கள் 44, பின் சக்கரப் பற்கள் 16 என்றால், பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.8 மீட்டர் நகரும். ஒவ்வொரு சுற்றிலும் கால் சராசரியாக 35 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டும். மலைக் கியரில் முன்னே 24, பின்னே 32 பற்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு வண்டி 1.6 மீட்டர்தான் நகரும். தேவைப்படும் விசையோ 10 கிலோ எடைக்குச் சமம்தான்.

ஆனால் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். முதல் வண்டியில் சுமார் 2,150 சுற்றுகள். இரண்டாவதில் சுமார் 7,800. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் இரண்டிலும் அதே 800 கிலோஜூல்தான்! கியர் வேலையைக் குறைக்கவில்லை. கால் தாங்கும் அளவுக்குச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறது.

அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி 1963இல் தனியாக மிதிவண்டியில் இந்தியாவுக்கு வந்தார். கரடுமுரடான சாலைகளில் பழுதாகிவிடும் என்று கருதி, புறப்படும் முன்பே தம் வண்டியின் மூன்று கியர் அமைப்பைக் கழற்றிவிட்டார். பாகிஸ்தானில் 4,000 மீட்டருக்கும் உயரமான பாபுசர் கணவாயைக் கடந்தபோது வண்டியைத் தள்ளவும் தூக்கவும் வேண்டியிருந்தது. பழுது பார்க்கும் கவலை குறைந்தது; அதற்கான விலையைக் காலும் தோளும் கொடுத்தன.

உணவும் வியர்வையும்

நம் தசைகள் உணவின் சக்தியில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே 800 கிலோஜூல் வேலைக்கு 3,200 கிலோஜூல் உணவுச் சக்தி தேவை. அது சுமார் 760 கிலோகலோரி. ஏழெட்டு வாழைப்பழங்களுக்குச் சமம்.

மீதி 2,400 கிலோஜூல் எங்கே போகிறது? உடலில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ இதே அளவு வெப்பத்தை எடுத்துச் செல்லும். நம் காடுகளிலோ காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும். சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் ஒரு லிட்டருக்கும் அதிகமான நீர் வேண்டும். தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிழலில் நின்றுவிட வேண்டும்.

"தண்ணீரும் கனம்தானே?" என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் கூடுதல் நீரை 1,000 மீட்டர் உயர்த்த 10 கிலோஜூல் வேலைதான். அதற்குத் தேவையான உணவு ஒரு வாழைப்பழத்தில் பத்தில் ஒரு பங்கு! சுமையைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதையாவது விட்டுச் செல்லுங்கள், தண்ணீரை விடாதீர்கள்.

இறக்கம்தான் பெரிய தேர்வு

உச்சியில் வெப்பநிலை அடிவாரத்தைவிட ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும். நனைந்த சட்டையோடு வேகமாக இறங்கினால் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். அந்த விரல்கள்தான் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்! எனவே ஓர் உலர்ந்த சட்டை அவசியம்.

ஏறும்போது சேர்த்த 800 கிலோஜூலும் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். இரண்டரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும்; மற்றது பிரேக்குக்கு. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். இடையிடையே நின்று ஆறவிடுங்கள். வேகம் மணிக்கு 20இலிருந்து 40 கிலோமீட்டர் ஆனால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. நிற்கத் தேவைப்படும் தூரமும் அப்படியே கூடும். மழை பெய்தால் இன்னும் நீளும்.

செய்து பாருங்கள்

உங்கள் மிதிவண்டியின் முன் பற்களையும் பின் பற்களையும் எண்ணுங்கள். முன் எண்ணைப் பின் எண்ணால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் கிடைக்கும். பிறகு பெரியவர் ஒருவரின் துணையோடு, லாரிகள் வராத சிறு மேட்டில் இரண்டு கியர்களில் ஏறி, சுற்றுகளை எண்ணி ஒப்பிடுங்கள். எந்தக் கியரில் ஏறினாலும் மேட்டின் உயரம் ஒன்றுதான் என்பதை உங்கள் கால்களே சொல்லும்.